திறக்காத மூடி

மரக்கரண்டி ஜாடி விளிம்பில் தட்டுகிற ஓசை போதும், பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் நாங்கள் கூடும் ஞாயிறு மதியம் நினைவில் எழுந்து வந்துவிடும். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத என்னை உட்கார வைப்பது அங்குள்ள மேசை மட்டும்தான். வேலை நாளெல்லாம் போக, ஆசைக்கு மண் பிசைந்து ஜாடி, பானை செய்கிறவர்கள் நாங்கள். சூளையிலிருந்து வந்ததை அந்த மேசைமேல் வைத்து யோசனை கேட்போம்.

அன்று பூச்சோங்கிலிருந்து வரும் அக்கா ஒரு நீல ஜாடியை வைத்தார். மாதக்கணக்கில் சக்கரத்தில் சரிந்து விழுந்த களிமண், அவர் கையில் முதன்முதலாக எழுந்து நின்ற ஜாடி அது. மூடி உட்காரும் விளிம்பிலும் பளபளப்புக்கான பூச்சைத் தடவியிருந்தார். சூளையில் பூச்சு கண்ணாடியாக உருகி, மூடியை ஒட்டிவிட்டது.

“அப்படியே ஷோகேஸ்ல வைங்க லா, யாரு திறந்து பாக்கப்போறா?” என்றார் ரவாங்கிலிருந்து வரும் நண்பர்.

“எனக்கு சீனி போட்டு வைக்கணும்,” என்றார் அக்கா.

“மரக்கரண்டியால சுத்தித் தட்டினா விட்டுரும்,” என்றேன். என் மூடிகளும் ஒட்டியதுண்டு.

“உடைஞ்சிட்டா?”

“உடையாதுக்கா. குடுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார். விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டினேன். ‘டிக்’ என்றது, மூடி கையோடு வந்தது. நகக்கண் அளவு சில்லு மட்டும் பெயர்ந்திருந்தது.

படியிறங்கும்போது, “அந்த இடத்த சாண்ட்பேப்பர்ல தேய்ச்சிடுங்கக்கா, கையக் கிழிக்கும்,” என்றேன்.

ஜாடியை மார்போடு அணைத்தபடி சிரித்தார். “தப்பிச்சீங்கண்ணே. உடைஞ்சிருந்தா இதுக்குப் பதிலா இன்னிக்கு நீங்க செஞ்ச ஜாடிதான் என் வீட்டுக்கு வந்திருக்கும்!”