பவுடர் வயிற்றில் ஊர் முடி

சீப்பைக் காதுக்குப் பின்னால் வைத்து, இடுப்புவரை ஒரே இழுப்பில் கொண்டுவந்து நிறுத்தி, பற்களில் சிக்கிய வெள்ளை முடியைக் கட்டைவிரலால் உருட்டி எடுக்கிறார் பஞ்சநதம். மடியில் கிடக்கும் பூனை கண்ணைத் திறக்கவில்லை. காலை ஐந்தரை மணி. கடை திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் முதுகு, இரண்டு விலா, வயிறு, வால் என்ற வரிசையில் முடித்தாக வேண்டும்.

"வாலைத் தொட்டா எந்திரிச்சுப் போயிரும் சார். அதான் அதைக் கடைசியா வச்சுக்கறது. முடிக்கு ஒரு போக்கு இருக்குல்ல, அந்தப் போக்குலயே போவணும். எதிர்த்துச் சீவினா மனுசனே கடிப்பான்."

கடையில் இருக்கும் சீப்புகள் ஒன்றும் இதற்கு உதவவில்லை. மேல்முடியைத்தான் வாரின, உதிர்வதோ அடியில் இருக்கும் பஞ்சுமுடி. கடைசியில் கும்பகோணத்தில் ஒரு பேன் சீப்பு வாங்கி, அதில் ஒன்று விட்டு ஒரு பல்லை அரத்தால் ராவி எடுத்துவிட்டார். இப்போது அது பூனைச் சீப்பு. வேறு யாரும் தொடக்கூடாது.

குடவாசல் கடைத்தெருவில் முப்பத்தாறு வருடமாக முடிதிருத்தகம் வைத்திருக்கிறார். இரண்டு சுழல் நாற்காலி, எதிரெதிராக இரண்டு கண்ணாடி, ஈரம் காயாத ஒரு படிகாரக் கட்டி. செவ்வாய் விடுமுறை. கடையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அவர் வீடு; அதற்கு நேர் எதிர்வீடு என்னுடையது. வேலை செய்யும்போது அதிகம் பேசமாட்டார். பூனையைச் சீவும்போதுதான் பேசுவார். அதனால் காலை நடையை முடித்துக்கொண்டு அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பூனையின் பெயர் பவுடர். மகள் வானதி வைத்த பெயர். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது, "ஆறு மாசத்துல இதை அழைச்சிக்கறேன்ப்பா" என்று விட்டுப்போனாள். மூன்று வருடம் ஆகிறது. உடம்பில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாத வெள்ளை. வாசலை ஒட்டிப் பேருந்துகள் பறக்கிற சாலை என்பதால் வெளியே விடுவதில்லை. ஜன்னல்களுக்கெல்லாம் கொசுவலை அடித்திருக்கிறார். ஞாயிறுதோறும் வானதி வீடியோவில் வருவாள். முதல் கேள்வி, "பவுடர் எங்க?" அதற்குப் பிறகுதான் அம்மாவின் முழங்கால்வலி.

போன ஐப்பசியில் வாந்தி ஆரம்பித்தது. பவுடர் ஓடிக்கொண்டே இருக்கும். சட்டென்று நின்று, நான்கு காலையும் ஒடுக்கிக் கழுத்தை நீட்டும். வயிறு உள்ளே இழுத்து இழுத்து விடும். கடைசியில் திரி மாதிரி ஒன்று விழும். சுண்டுவிரல் தடிமன், ஈரமாக, பழுப்பாக. முதலில் மாதத்துக்கு ஒன்று. பிறகு வாரத்துக்கு ஒன்று. மார்கழியில் வாரத்துக்கு மூன்று. பஞ்சநதத்தின் மனைவி சாவித்திரி பழைய செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார்.

"காலங்காத்தால எந்திரிச்சா கோலம் போடறதா, இதைத் தொடைக்கிறதா? சொல்லுங்க, எது மொதல்ல?"

"ரெண்டையும் நான் பண்றேன், விடு."

"நீங்க கோலம் போட்டா பூனை மட்டுமா வாந்தி எடுக்கும்?"

வயிற்றில் எது அடைத்தாலும் அந்த வீட்டில் ஒரே மருந்துதான்: விளக்கெண்ணெய். பஞ்சநதம் ஒரு சின்னக் கரண்டி எடுத்து, தாடையை அழுத்தி ஊற்றினார். பவுடர் இரண்டு நாள் இருமியது. அதற்குப் பிறகுதான் கூடையில் வைத்துக் கும்பகோணத்துக்கு எடுத்துப்போனார். துணைக்கு நான். பையில், பொட்டலமாக மடித்த காகிதத்தில், கடைசியாக விழுந்த மூன்று திரிகளும் இருந்தன.

டாக்டர் கயல்விழிக்கு முப்பது வயதிருக்கும். எண்ணெய் விஷயத்தைக் கேட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"வாயில ஊத்தினீங்களா? அது நுரையீரல்ல போயிருந்தா நீங்க கூடையைத் தூக்கிட்டு இங்க வந்திருக்க வேண்டாம்."

"ஒரு கரண்டிதான் டாக்டரம்மா. சின்னக் கரண்டி."

"சின்னக் கரண்டிக்கும் அது பூனைதான்."

பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். ரத்தம் எடுத்தார். என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று கேட்டார். வாந்தி என்றாலே முடி என்று நினைத்துவிடக்கூடாது, இவ்வளவு அடிக்கடி என்றால் வேறு காரணமும் இருக்கலாம் என்றார். அப்போதுதான் பஞ்சநதம் பொட்டலத்தைப் பிரித்து, சட்டைப்பையிலிருந்த சீப்பின் வால்முனையால் ஒரு திரியைக் கிளறினார். காய்ந்த திரி அவர் விரல் பட்டதும் இழை இழையாகப் பிரிந்தது. ஓர் இழையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது இதோட முடி. இது இல்ல."

"என்னது?"

"மனுச முடிங்க. ரெண்டு முனையும் நேரா வெட்டியிருக்கு பாருங்க, கத்திரி பட்டது. இது மிஷின் போட்டு எடுத்தது. இது டை அடிச்ச ஆளு, அடியில வெள்ளை தெரியுது." சீப்பு முனை ஒரு சுருள் நரையில் நின்றது. அவர் என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "இதுல நம்ம சாரும் இருக்காரு."

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அவருடைய சட்டைக் காலரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கறுப்பாக நாலைந்து.

விஷயம் இவ்வளவுதான். மாலை ஆறரைக்குக் கடை சாத்திவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் முன்னறை நாற்காலியில் சாய்வார். பவுடர் மடியில் ஏறும். முழங்கையில் ஆரம்பித்து மணிக்கட்டுவரை நக்கும், பிறகு மற்றக் கை, பிறகு காலர். அரை மணி நேரம். "நாள் பூரா ஊருக்கு நான் பண்றேன். எனக்குப் பண்ண இது ஒண்ணு இருக்குன்னு நெனச்சேன் சார்" என்றார் திரும்பி வரும்போது. கூடை அவர் மடியில் இருந்தது.

டாக்டர் சொன்ன மருந்தும் உணவும் சுலபம். தினமும் சீவுவது அதைவிடச் சுலபம். கடைசியாகச் சொன்ன ஒன்றில்தான் பஞ்சநதம் தடுக்கி நின்றார். "கடையிலேருந்து வந்ததும் குளிச்சிட்டு, துணி மாத்திட்டு, அப்புறமா வீட்டுக்குள்ள போங்க. சின்ன விஷயம்தானே?"

அது ஏன் சின்ன விஷயம் இல்லை என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னார்.

அவர் அப்பா கடை வைத்தவரில்லை. கத்தியும் கிண்ணமும் கொண்ட தோல்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர். எல்லா வீட்டிலும் கொல்லைப்புறம்தான். வேலை முடிந்து வரும்போது சோழசூடாமணி ஆற்றில் இறங்கி முழுக்குப் போட்டு, ஈரவேட்டியோடு தன் வீட்டுக்கும் கொல்லை வழியாகத்தான் வருவார். ஊர் வைத்த சட்டத்தை வீடும் வைத்துக்கொண்டிருந்தது. ஒரு வருடம் ஆற்றில் வெள்ளம் சுழித்துப் போகிறது, அப்பாவுக்குக் காய்ச்சல். அம்மா கொல்லையில் வெந்நீர் வைத்துக் காத்திருந்தாள். ஆனால் அதை ஊற்றி முடிக்கும்வரை கதவைத் திறக்கவில்லை.

"அம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன் சார். அது அழுதுகிட்டேதான் ஊத்துச்சு. அப்பா உடம்புலேருந்து ஆவி பறந்துச்சு, வெந்நிக்கா காய்ச்சலுக்கான்னு தெரியல. அந்த ஈரவேட்டி வாசனை இருக்கு பாருங்க, ஆத்துத் தண்ணியும் சவுக்காரமும். இன்னிக்கும் மழை பேஞ்சா எனக்கு அந்த வாசனை வருது. நல்ல வாசனைதான். அதான் கஷ்டம்."

இருபத்திரண்டு வயதில் கடை திறந்தார். முதல் நாள் பதினான்கு தலை. அன்று மாலை, சட்டை முழுக்க முடியோடு, வாசல் வழியாக உள்ளே வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்து சோறு கேட்டார். அம்மா கொல்லைக் கதவைப் பார்த்தாள். அப்பா எழுந்து போய் ஒரு இலை நறுக்கி வந்து, மகனுக்கு முன்னால் போட்டு, தானே தண்ணீர் தெளித்தார். அன்றிலிருந்து பஞ்சநதம் விடியற்காலையில்தான் குளிக்கிறார். வேலை முடிந்து குளித்துவிட்டு வீட்டுக்குள் போனதில்லை.

அதனால் வேறு வழிகள் தேடினார். கடையில் மேலங்கி போட்டுப் பார்த்தார். கழுத்து முடி தட்டும் தூரிகையால் தன்னையே தட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் பவுடரை உள்ளறையில் வைத்துச் சாத்தினார். அது கதவைப் பிறாண்டிக்கொண்டு கத்திய கத்தலில் அவரே திறந்துவிட்டார். திரிகள் கொஞ்சம் மெலிந்தன. கறுப்பு போகவில்லை.

"கடையையே வயித்துல சுமந்துகிட்டுத் திரியுது அது. நாலு சொம்புத் தண்ணி ஊத்திக்க மாட்டேங்குது உங்க ரோசம்" என்றார் சாவித்திரி.

"ரோசம் இல்லடி."

"பின்ன? கொல்லையில கொழா இருக்கு, கொடி இருக்கு. என்ன கேடு?"

"கொல்லையிலதான் இருக்கு. அதான்."

மாசி முதல் வாரம் பவுடர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கழுத்தை நீட்டியது, வயிறு இழுத்தது, ஒன்றும் வரவில்லை. நுரை மட்டும். மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கவில்லை. அன்று ஞாயிறு. வானதியின் அழைப்பை எடுக்காமல் பஞ்சநதமும் சாவித்திரியும் வாடகைக் காரில் ஏறினார்கள். கும்பகோணத்தில் அன்று முழுவதும் சொட்டு நீர் ஏறியது. மறுநாள் மத்தியானம் ஒரு விரல் நீளத் திரி வெளியே வந்தது. பாதி வெள்ளை, பாதி கறுப்பு.

"வாய் வழியா வந்ததால பொழைச்சுது" என்றார் டாக்டர். "அடுத்த தடவை குடல்ல போய் அடைச்சா வயித்தைத் திறந்துதான் எடுக்கணும். திறந்தாலும் நிச்சயம் சொல்ல முடியாது."

பஞ்சநதம் பவுடரைக் கூடையில் வைத்து மூடினார். வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, குழாய் வேலை செய்கிற நெடுமாறனுக்குப் போன் போட்டார்.

மறுநாள் செவ்வாய். எதிர்ப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுமாறன் குழாயோடு பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனான். பஞ்சநதம் அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, வாசல்படிக்கு இடப்பக்கம், சாலையைப் பார்த்த சுவரைக் காட்டினார்.

"இங்கயா? ரோட்டைப் பாத்தாப்புலயா?"

"இங்கதான். கீழ ஒரு கல்லு போடு, நின்னு குளிக்கிற மாதிரி."

"பஸ்ஸு போறது வர்றதெல்லாம் பாக்குமேண்ணே."

"பாக்கட்டும்."

சாவித்திரி தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ரோட்டுல நின்னு குளிக்கிற மனுசனை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? பேத்தி எடுக்கற வயசுல!" சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு புது ஈரிழைத் துண்டைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் போட்டார்.

புதன்கிழமை மாலை. ஆறரை தாண்டிப் பத்து நிமிடம். பஞ்சநதம் வந்தார். சட்டையைக் கழற்றி உதறி, மூடி போட்ட வாளிக்குள் திணித்தார். இடுப்பு வேட்டியோடு கல்லில் ஏறி நின்று குழாயைத் திறந்து சொம்பில் பிடித்தார். கும்பகோணம் பேருந்து ஒன்று வேகத்தைக் குறைத்துக் கடந்தது, ஜன்னலோரத்தில் யாரோ "என்னண்ணே, வீட்டுல சண்டையா?" என்று கத்தினார்கள். அவர் கையை உயர்த்தி ஆட்டினார். முதல் சொம்பை ஊற்றிக்கொண்டதும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். முகத்தை அவர் துடைக்கவில்லை. அதில் வழிந்தது குழாய்த் தண்ணீர் மட்டும்தானா என்று என் படியிலிருந்து எனக்குத் தெரியவில்லை. பிறகு சோப்புப் போட்டார். கழுத்து, காதுமடலின் பின்பக்கம், விரலிடுக்கு. வாடிக்கையாளருக்குச் செய்வதைவிட நிதானமாக.

துண்டைக் கட்டிக்கொண்டு வாசல் வழியாகவே உள்ளே போனார். சாலையைக் கடந்து நானும் அவர் வாசற்படிவரை போனேன்.

பவுடர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. ஏறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அவர் நீட்டிய கையை முகர்ந்தது. தினமும் இருக்கும் வாசனை அதில் இல்லை. ஓரடி பின்னால் போய், வேறு யாரோ வந்திருப்பதுபோல் பார்த்தது. சாவித்திரி சமையலறை வாசலில் நின்றார். யாரும் அதைக் கூப்பிடவில்லை.

பஞ்சநதம் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். பிறகு, கடையில் நாங்களெல்லாம் அவருக்கு முன்னால் செய்வதுபோல, கண்ணை மூடி, நீர் சொட்டும் தன் வழுக்கைத் தலையை அந்தப் பூனைக்கு முன்னால் குனிந்து கொடுத்தார்.