மருந்தடிக்காத நாலு வரிசை

"...பின்ன இன்னா தம்பி, நாலு பெரிய மனுசங்க தேடி வர்றாங்கன்னா அழுக்குத் துணியைக் கொடியிலயே வுட்டு வைப்பாங்களா? அதான் விடியறதுக்குள்ள எழுந்து அந்தக் கருகின எலையை எல்லாம் உருவி எடுத்துட்டேன். இப்பப் பாரு, எவ்ளோ நீட்டா கீது."

நான் அக்கா என்று கூப்பிடும் அந்த வயல்காரம்மா இதைச் சொன்னபோது நான் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடவில்லை. கேரியரில் இரண்டு தகரப் பலகைகள் கட்டியிருந்தேன். ஒன்றில் 'மருந்து அடித்தது' என்றும் மற்றதில் 'மருந்து அடிக்காதது' என்றும் தெலுங்கில் எழுதி வாங்கி வந்திருந்தேன். இரண்டாவது பலகையை நடவேண்டிய இடத்தில் நாலு வரிசை மக்காச்சோளம், உச்சியில் இரண்டு மூன்று இலையைத் தவிர வேறு ஒன்றும் இல்லாமல், இறகு பிடுங்கின கோழி மாதிரி நின்றது. அப்போது காலை எட்டு மணி. பத்து மணிக்கு எங்கள் மேனேஜர் முப்பது விவசாயிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அவர்கள் வருவதே அந்தக் கருகின இலைகளைப் பார்ப்பதற்குத்தான்.

எழுபதுகளின் பின்பாதி அது. பயிர் மருந்து செய்யும் ஒரு பொதுத்துறைக் கம்பெனியின் ஹைதராபாத் கிளையில் நான் ஃபீல்டு அசிஸ்டெண்ட். பெயர்தான் பெரிது. எண்பத்தொன்பது நாளைக்கு ஒரு ஆர்டர் கொடுப்பார்கள். தொண்ணூறாவது நாள் வீட்டில் உட்கார வேண்டும். அதற்கு அடுத்த நாள் புது ஆர்டர். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று பின்னால் ஒருத்தனும் உரிமை கேட்டுவிடக் கூடாதல்லவா, அதற்காக. மூன்று வருடமாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் தாய்மாமன் வீட்டு முன்னறையில் எனக்குப் படுக்கை. மாமா திருநெல்வேலிப் பேச்சை ஹைதராபாத்துக்கு வந்து இருபது வருடம் ஆகியும் விடாதவர். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே, "என்னடே, இன்னைக்கு நீ வேலையில இருக்கியா, இல்லையா?" என்பார். அத்தை அவரை அதட்டுவாள். ஆனால் அவளும் பதிலுக்காகக் காத்திருப்பாள்.

அந்தப் பருவத்தில் மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். மக்காச்சோளத்துக்கு ஒரு செயல்விளக்க வயல் போட்டு, மருந்தடித்ததற்கும் அடிக்காததற்கும் உள்ள வித்தியாசத்தை விவசாயிகள் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால், என்னைப் பர்மனென்ட் ஆக்கும்படி தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாக. வெறும் வார்த்தைதான். ஆனால் மூன்று வருடத்தில் என் காதில் விழுந்த முதல் வார்த்தை.

நான் விவசாயம் படித்தவனில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றது. பயிர் நோயை நான் கற்றுக்கொண்டது முக்கால்வாசி ஜனங்களின் வாயிலிருந்து. மேட்சல் என்ற ஊரில் ஒரு பெரியவர் துரு நோய் வந்த இலையை என் கையில் தேய்த்துக் காட்டி, "பஸ் ஸ்டாண்டு தூசி ஏறின சட்டை மாதிரி இல்லே?" என்றார் தெலுங்கில். அதற்குப் பிறகு எனக்குத் துரு நோய் மறக்கவே இல்லை. இப்படிக் கேட்டதையெல்லாம் மருந்து விளம்பரச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். ஆபீசில் இருந்த படித்தவர்கள் நோயின் லத்தீன் பெயரைச் சொல்வார்கள். நான் இந்தச் சீட்டுகளைப் பார்த்துப் பேசுவேன். கூட்டம் என் பக்கம்தான் கேட்கும்.

அக்காவின் வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், குடியாத்தம் பக்கம். சைனிக்புரியில் மனை வாங்கிய கையோடு, அதைத் தாண்டி உள்ளே இரண்டு ஏக்கர் செம்மண் நிலமும் வாங்கிப் போட்டிருந்தார். அவர் ஒரு ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். நிலம், கிணறு, ஒரு எருமை எல்லாம் அக்கா பொறுப்பு. முதல் மழைக்குச் சோளத்தை ஊன்றி, பச்சைக் கதிராக ஒடித்து, செகந்திராபாத் ஸ்டேஷன் வாசலில் கரி அடுப்பில் வாட்டி விற்பவர்களுக்குக் கொடுப்பார்.

முதலில் நான் போனபோது பயிர் கணுக்கால் உயரம். குருத்து இலைகள் அடியில் வெளுத்துப்போய் இருந்தன. நோய் வந்துவிட்டது என்று அக்கா பயந்துபோய் இருந்தார். அது நோயில்லை, துத்தநாகச் சத்துக்கான பசி என்று சொன்னேன். துத்தநாக சல்பேட்டை அப்படியே கரைத்து அடித்தால் இலை வெந்துவிடும், அதில் பாதியளவு நீர்த்த சுண்ணாம்பைச் சேர்த்து வடிகட்டி அடிக்கவேண்டும். அடித்தோம். அடுத்தடுத்து வந்த இலைகள் பச்சையாக வந்தன. "பொறந்ததுமே நரை விழுந்த புள்ளைக்கு மை தடவின மாதிரி ஆயிடுச்சி" என்றார் அக்கா. அதையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் டீ உண்டு.

அந்த நம்பிக்கையில்தான் நாலு வரிசையைக் கேட்டேன். மருந்து எல்லாம் கம்பெனிச் செலவு, வயல் முழுக்க நானே அடித்துத் தருகிறேன், ஆனால் நாலு வரிசைக்கு மட்டும் ஒரு சொட்டு மருந்துகூட விழக் கூடாது என்றேன்.

எதுக்கு என்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேரை மட்டும் சாக விடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். சுபேதார்தான், இது ஆர்டர் மாதிரி, கேள்வி கேட்கக் கூடாது என்று முடித்து வைத்தார். அக்கா ஒரு நிபந்தனை போட்டார். கிணற்றுக்குப் பின்னால் உள்ள கடைசி நாலு வரிசையை எடுத்துக்கொள் என்றார். நானோ ரோட்டோரம்தான் வேண்டும் என்று நின்றேன். போகிறவர் வருகிறவர் பார்க்க வேண்டுமே. "எனக்குப் பயிர் வெக்கத் தெரியலன்னு ஊரே பாக்கட்டும், அதானே?" என்றார். ஆனாலும் கொடுத்தார்.

ஆவணி பிறக்கும் நேரத்தில் ஆண்பூ தலைநீட்டியது. பத்து நாள் விடாத தூறல். அடி இலைகளில் நீளநீளமாக, இரண்டு முனையும் கூர்மையாகச் சாம்பல் நிறப் புள்ளிகள் விழுந்தன. யாரோ பீடியை இழுத்து இழுத்து இலையிலேயே அணைத்த மாதிரி. இலைக்கருகல் நோய். அடியில் ஆரம்பித்து ஒவ்வொரு இலையாக மேலே ஏறும். கதிர் பால் பிடிப்பதற்குள் மேல் இலைக்குப் போய்விட்டால் கதிர் சூம்பிவிடும். ஆகவே முதல் புள்ளியைப் பார்த்ததுமே அடிக்கவேண்டும். தூறல் விட்ட ஒரு காலையில், பனி காய்ந்த பிறகு மேன்கோசெப் என்ற பூஞ்சை மருந்தை அடித்தேன். லிட்டருக்கு இரண்டரை கிராம், இலையில் ஒட்டுவதற்கு ஒட்டு திரவம், மூக்கில் ஈரத் துண்டு, நாசில் கீழிருந்து மேலாக.

காற்றில் மருந்து அந்த நாலு வரிசை மேல் படக் கூடாது. அதற்கு அக்காவின் பழைய புடவை ஒன்றை விரித்து, ஒரு முனையை அவரும் மறு முனையை சுபேதாரும் பிடித்துக்கொண்டு, நான் நகர நகரக் கூடவே நகர்ந்தார்கள். "தெலுங்குக்காரங்க கல்யாணத்துல பொண்ணுக்கும் மாப்ளைக்கும் நடுவுல திரை புடிப்பாங்களே, அப்டி கீது" என்றார் அக்கா. சுபேதார் சிரித்ததில் புடவை தொய்ந்துவிட்டது. அவருக்கும் ஒரு அதட்டு விழுந்தது.

மருந்து காய்ந்ததும் இலைகள் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தன. பதினைந்து நாள் கழித்து இரண்டாவது தடவை அடித்தேன். அப்போது மேனேஜர் சொன்னபடி, மருந்தடித்த வயலில் பாதிக்கு மட்டும் கம்பெனியின் புது இலை டானிக்கையும் கலந்தேன். டானிக்கால் என்ன ஆயிற்று என்று கேட்டால், உள்ளதைச் சொல்லவேண்டும். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா அதைக் கேட்டபோது கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று மழுப்பினேன்.

ஆனால் மருந்தின் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. உள்ளே பயிர் பச்சை. ரோட்டோர நாலு வரிசையில் கருகல் கதிரைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. நான் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன். அக்கா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். பால்காரர் ஒருவர் தினமும், உங்கள் சோளத்துக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்கிறாராம். கோவிலுக்குப் போகிற வழியில் பக்கத்து காலனிப் பெண்கள், பாவம், வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டால் நிலத்தை யார் பார்ப்பது என்று பேசிக்கொண்டு போகிறார்களாம். ஒருநாள் அக்கா ஸ்பிரேயரைத் தானே எடுக்கப் போக, சுபேதார் தடுத்திருக்கிறார்.

என் வேலை இதில் தொங்குகிறது என்பதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை. சொன்னால் இரங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. இரண்டு நாள் முன்னால் மட்டும் ஒன்று சொன்னேன். வியாழக்கிழமை ஆபீசர் வருகிறார், விவசாயிகள் வருகிறார்கள், வயலைக் கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று. வரப்புப் புல்லை நினைத்துச் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இப்படித்தான் அந்த வியாழக்கிழமைக் காலை எட்டு மணிக்கு, நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெறும் தண்டுகளின் முன்னால் நின்றேன்.

"எலையெல்லாம் எங்கக்கா?"

"எருமைக்குத்தான். மருந்தடிச்ச எலையைப் போடக் கூடாதுன்னு நீதானே சொல்லிக்கீறே? இது அடிக்காததுதானே. அதான் தைரியமா அள்ளிப் போட்டேன்."

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எண்பத்தொன்பது நாளை, தொண்ணூறாவது நாளை, மேனேஜர் சொன்ன வார்த்தையை, மாமா தினமும் கேட்கும் கேள்வியை.  அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்தக் கருகின எலைதான் ஒன் சோறா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சொல்லியிருந்தா இன்னும் நாலு வரிசையை வுட்டிருப்பேனே."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எருமை தின்னாமல் மிச்சம் இருக்கிற இலையைத் தண்டில் நூல் போட்டுக் கட்டிவிடலாமா என்றுகூடக் கேட்டார். வேண்டாம் அக்கா, கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். பலகைகளை மட்டும் நட்டேன்.

வேன் பத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மேனேஜர் இறங்கினார், ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கையில் ஃபைல். 'மருந்து அடிக்காதது' என்ற பலகையைப் பார்த்தார். பலகைக்குப் பின்னால் நிற்கிற தண்டுகளைப் பார்த்தார். "யே கைக்கு?" என்றார். ஏன் இப்படி என்று. கண்டக்டரோடு பேசிப் பேசி இறங்க வேண்டிய ஸ்டாப்பை விடுகிறவன் நான். எனக்கு அப்போது ஒரே வாக்கியம்தான் வந்தது. இலையை எருமைக்குப் போட்டுவிட்டார்கள் என்று எப்படியோ சொன்னேன். விவசாயிகளில் ஒருவர், மருந்தடிக்காவிட்டால் எருமை வந்து தின்றுவிடும் என்பதுதான் பாடமா என்று தெலுங்கில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. ஃபைலை மூடினார். சரி, டானிக் அடித்த பக்கத்தையாவது காட்டு என்று நடக்க ஆரம்பித்தார்.

"சாப், ஜாவ் நக்கோ" என்றார் அக்கா. போகவேண்டாம் என்று, கண்டோன்மெண்டில் பழகிய உருதுவில்.

அவர் நின்றார். அக்கா தொழுவத்துக்குப் போய்த் தலையில் ஒரு கூடையோடு திரும்பினார். கருகின இலைகளைப் பலகைக்கு முன்னால் கொட்டினார். மறுபடி போய் இரண்டாவது கூடை. மூன்றாவது கூடையில் வந்தவை எருமையின் வாயிலிருந்து பிடுங்கியவை, பாதி மென்றும் எச்சில் வழிந்தும் இருந்தன. குவியல் முழங்கால் உயரம் வந்தது. பிறகு மருந்தடித்த பக்கத்துக்குள் இறங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி தெலுங்கில் நாலு வரிசை எண்ணி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, புள்ளி விழுந்த இலைகளை மட்டும் பறிக்க ஆரம்பித்தார். இரண்டு மூன்று விவசாயிகள் பின்னாலேயே போய், இதோ இங்கே ஒன்று விட்டுவிட்டாய், அதோ அங்கே ஒன்று என்று காட்டிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் காட்டியதையும் பறித்தார். நாலாவது வரிசை முடிந்து வெளியே வந்தபோது, பறித்ததெல்லாம் அவருடைய ஒரு கைக்குள் அடங்கியிருந்தது.

அந்த ஒரு கைப்பிடியைக் குவியலுக்குப் பக்கத்தில் தனியாக வைத்தார். எருமைக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோகக் கூடாது என்று யாரிடமோ சொன்னார். விவசாயிகள் குந்தி உட்கார்ந்து இரண்டு பக்கத்து இலைகளையும் புரட்டினார்கள். மேனேஜர் ஃபைலைத் திறந்து பேனாவைத் தேடினார். அக்கா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காலிக் கூடையையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு, எருமைக்கு வேறு புல் அறுக்க வரப்பில் இறங்கிப் போனார்.