சின்னபொண்ணு சொன்ன வலி

செலியமேட்டில் அம்சவள்ளியைத் தெரியாதவர் கிடையாது. நடவு வயலில் அவள் கை போகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க மற்றப் பெண்களுக்கு மூச்சு வாங்கும். வாயும் அப்படித்தான், ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வாள். அப்பேர்ப்பட்ட வாயாடிக்குப் பிறந்த சின்னபொண்ணுக்குக் காது கேட்கவில்லை, பேச்சும் வரவில்லை. செலியமேடு உள்ளிட்ட ஊர்கள் சேர்ந்த பாகூர் கொம்யூனில் பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம் அது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அதற்குப் பிறகு வீட்டில் பாசம் தாங்கவில்லை. அம்சவள்ளியின் புருஷன் இருசப்பனுக்கு ஒரு அக்கா, பவுனம்மாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். குழந்தை முகம் கோணுவதற்குள் சோறு ஊட்டுவாள், சிணுங்குவதற்குள் வெல்லம் கொடுப்பாள். நாலு வயதாகியும் சின்னபொண்ணு எதையும் கேட்டதே இல்லை. கேட்க எங்கே விட்டார்கள்?

பிள்ளையோடு பேச அம்சவள்ளிக்கு வழி வயலில்தான் கிடைத்தது. காற்றடிக்கிற நாளில் இந்த வரப்பில் கத்தினால் அந்த வரப்புக்குக் கேட்காது. அதனால் நடவுப் பெண்கள் கையாலேயே பேசிக்கொள்வார்கள். விரல்களைக் குவித்துத் தூக்கினால் நாற்று முடி வேண்டும், கட்டை விரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் தண்ணீர் வேண்டும். ஒருநாள் நாற்று கேட்டுக் கையைத் தூக்கியவள், தூக்கிய கையோடு அப்படியே நின்றாள்.

"அடிப் பாவி! வயசுக்கு வந்ததுலேர்ந்து கையால பேசறவ, வூட்டுல போயி வாயால கத்திக்கினு கெடந்தியே!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். கட்டை விரல் உதட்டுக்குப் போனால்தான் செம்பு வரும். முதலில் அம்சவள்ளியே காட்டிவிட்டுக் கொடுத்தாள். பிறகு காட்டிவிட்டுக் காத்திருந்தாள். பவுனம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, வாயில்லாத புள்ளைய ஏங்க வுட்டு வேடிக்க பாக்குறியே, நீ பெத்தவளா பேயா?"

"செத்த சும்மா இருங்க அண்ணி. அவளா கேக்கட்டும்."

கேட்டாள். தண்ணீர், சோறு, மாடு, காக்கை, மீசையை முறுக்கினால் அப்பா என்று ஒவ்வொன்றாக அந்தப் பிஞ்சு விரல்களில் ஏறின.

வலிதான் மல்லுக்கு நின்றது. மாட்டைக் காட்டலாம், வலியை எப்படிக் காட்டுவது? தன் காலில் முள் தைத்தபோது அம்சவள்ளி முகத்தைச் சுளித்து, கையை மூடி முறுக்கிக் காட்டி, பிறகு முள் தைத்த இடத்தைத் தொட்டாள். குழந்தையின் முழங்கால் சிராய்த்தபோதும் அதே முறுக்கு. நுகத்தடி உராய்ந்து புண்ணான காளையின் கழுத்தைக் காட்டினாள். பவுனம்மாளின் சொத்தைப் பல்லைக்கூட விடவில்லை.

"எம்பல்லு வலி உனுக்குப் பாடமாடி?" என்று பவுனம்மாள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கத்தினாள். குழந்தை எல்லாவற்றையும் பார்த்தது. ஆனால் தானாக ஒருமுறைகூட அதைச் செய்து காட்டவில்லை.

அறுப்புக் காலத்தில் ஒருநாள் காலை, களத்து நெல்லில் விளையாடிக்கொண்டிருந்த சின்னபொண்ணு திடீரென்று வீறிட்டாள். வீட்டுக்குத் தூக்கிவந்து போட்டால் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு புரண்டாள்.

"மாந்தம்டி இது. சூடு போட்டாத்தான் அடங்கும்" என்றாள் பவுனம்மாள்.

செரிக்காமல் வயிறு உப்பி மாந்தம் கண்டால் மஞ்சள் கிழங்கை விளக்கில் சுட்டுக் குழந்தையின் வயிற்றில் வைப்பது அங்கே வழக்கம். சூடு போடுகிற தங்கவேல் வந்து சேர்ந்தார். மாந்தத்தில் செத்த பிள்ளைகளை அம்சவள்ளி பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லவும் பயம், சரி என்று சொல்லவும் பயம்.

இருசப்பன் கால்களைப் பிடித்தான். அம்சவள்ளி கைகள் இரண்டையும் அமுக்கிப் பிடித்தாள். மஞ்சள் நுனி சிவந்தது. அவள் பிடிக்குள் பிள்ளையின் கை முறுக்கியது. திமிறுகிறாள் என்று இன்னும் இறுக்கினாள். மறுபடியும் முறுக்கியது. அம்சவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட கடவுளே, பேசுகிற வாயையல்லவா பொத்திக்கொண்டிருக்கிறாள்!

"நிறுத்துங்க! எம்பொண்ணு இன்னாவோ சொல்றா!"

கையை விட்டாள். சின்னபொண்ணு கையை மூடி முறுக்கினாள். பிறகு அந்தக் கை வயிற்றுக்குப் போகவில்லை, வலது காதுக்குப் போனது.

"கேக்காத காதுல இன்னாடி வலி? நீ போடுய்யா சூட்ட" என்றாள் பவுனம்மாள்.

"கேக்காதுதான் அண்ணி. வலிக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

தங்கவேல் மஞ்சளைக் கீழே வைத்துவிட்டார். அம்சவள்ளி நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் காதில் விட்டு, சற்றுப் பொறுத்துத் தலையைச் சாய்த்தாள். எண்ணெயோடு ஒரு கறுத்த வண்டு வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அழுகை விசும்பலாகி, விசும்பலும் நின்றது.

"சொல்லிடுச்சிடி! எம்பொண்ணு சொல்லிடுச்சி!" என்று இருசப்பன் குதித்தான். அம்சவள்ளி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. இனி இவளுக்கு எங்கே நோகிறதென்று இவளே சொல்லிவிடுவாள்.

"நல்லவேள தாயி. நாம்பாட்டுக்கு வயித்துல வெச்சிருப்பேன்" என்ற தங்கவேல், ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டுப் போனார். பவுனம்மாள் அந்த மஞ்சள் கிழங்கைக் கொண்டுபோய்க் கொல்லையில் வீசினாள்.

அந்த வருஷம் பாகூர்த் தேருக்குப் போனார்கள். கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிடப் போகிறதென்று இருசப்பன் அவள் கைகள் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தான். பின்னாலிருந்து பவுனம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய், ரெண்டு கையையும் புடிச்சிக்கினா புள்ள எப்பிடிடா பேசும்? ஒண்ண வுடுடா!"

விட்டான். பவுனம்மாள் தண்ணீர்ச் செம்பின் மூடியைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். ஆனால் அந்தக் கட்டை விரல் உதட்டுக்குப் போகும்வரை கொடுக்கவில்லை.