பதினேழாம் நம்பர் போன்

வாஷிங் மெஷின் செய்கிற கம்பெனி ஒன்று, தன் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்லும் வேலையை வெளி ஆபீஸ் ஒன்றிடம் கொடுத்திருந்தது. அந்த ஆபீசில் ஏழு வருஷமாகப் போன் எடுத்தவள் அண்ணி. புருஷனின் தம்பிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அந்தக் கொழுந்தன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆபீஸ் மொத்தத்துக்கும் அவள் அண்ணியாகிப் போனாள். வாய்ச் சாமர்த்தியக்காரன், நாலே வருஷத்தில் அவளுக்கே சூப்பர்வைசராகி உட்கார்ந்தான். அதில்கூட அவளுக்கு வயிற்றெரிச்சல் கிடையாது.

கம்பெனி ஏதாவது மாற்றிச் சொன்னால் கொழுந்தன் அண்ணியிடம் சொல்வான், அவள் மற்றவர்களுக்குச் சொல்வாள். எல்லாம் வாய்ப் பேச்சுதான். "எழுதிக் குடு தம்பி" என்று அவளும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்று ஒரு பெரியவர் போன் செய்தார். கம்பெனி கொடுத்த தாளில் இருந்தபடி, பின்பக்கத் தகட்டைக் கழற்றிக் குழாயைப் பார்க்கச் சொன்னாள் அண்ணி. போன் காதில் இருக்கும்போதே அவருக்கு ஷாக் அடித்தது. சுவரில் மோதித் தோள் எலும்பு முறிந்தது. அந்த அலறல் அவள் காதை விட்டுப் போகவேயில்லை.

கம்பெனிக்கார அம்மா நேரிலேயே வந்துவிட்டார். "தகட்டுல கைவைக்கச் சொல்லாதீங்க, மெக்கானிக்கை அனுப்புங்கன்னு அஞ்சு நாள் முன்னாடியே நான் போன்ல சொன்னேனே?"

கொழுந்தன் இமைகூடத் தட்டவில்லை. "அன்னிக்கே அண்ணிகிட்ட சொல்லிட்டேன் மேடம். மறந்துட்டாங்க போல. வயசாகுதில்ல."

"என்கிட்ட சொல்லவேயில்ல" என்று அவள் சொன்னதை அங்கிருந்த இருபது பேரில் ஒருவரும் நம்பவில்லை. போன் எடுக்கும் வேலை பறிபோனது. பதிவான பேச்சுகளைக் கேட்டு மார்க் போடும் ஜன்னலில்லாத அறைக்கு அவளை அனுப்பினான் கொழுந்தன். அங்கேதான் அவன் கெட்டான்.

"அவன் என் தம்பிடி. விட்டுத் தொலையேன்" என்றான் புருஷன்.

"ஒரு மனுஷன் தோளை ஒடிச்சவள்னு எனக்குப் பேர் வாங்கிக் குடுத்திருக்கான். அதை எங்க கொண்டுபோய் விடறது?"



பதிவுகள் தொண்ணூறு நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். கொழுந்தன் எப்போதும் கம்பெனியோடு மீட்டிங் ரூமிலிருந்துதான் பேசுவான், அங்கே பதிவு கிடையாது. ஆனால் கம்பெனி அம்மா போனில் சொன்ன அந்த வாரம் அந்த ரூமுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பதினேழாம் நம்பர் போனில் நின்று அவன் பேசியது அண்ணிக்கு நினைவிருந்தது. அது வாடிக்கையாளர் பேசும் போன். அதில் யார் தும்மினாலும் பதிவாகும்.

தினமும் தன் பங்குக்கு நாற்பது பேச்சைக் கேட்டு முடித்துவிட்டு, சாப்பாட்டு வேளையில், தேதி வரிசையில்லாமல் குவிந்து கிடந்த பதினேழாம் நம்பர் பேச்சுகளைத் தோண்டினாள். பதிவாகி எண்பத்தாறாம் நாள், அழிய நாலே நாள் இருக்கும்போது அகப்பட்டது. முதலில் கம்பெனி அம்மா சொல்வது, இவன் "சரி மேடம்" என்பது. அடுத்ததாக, அதே போனில் அவன் பெண்டாட்டியோடு பேசியது. இரண்டையும், கூடவே அந்தப் பெரியவரின் பேச்சையும் அழியாமல் பூட்டி வைத்தாள்.

மறுநாள் எட்டிப் பார்த்தான் கொழுந்தன். "என்ன அண்ணி, காது நல்லாக் கேக்குதா?"

"இப்பதான் தம்பி நல்லாக் கேக்குது."

அடுத்த வாரம் கம்பெனி அம்மா வந்தபோது, மாதிரிக்கு ஒரு பேச்சைப் போட்டுக் காட்டுவது அண்ணியின் வேலை. போட்டாள். அறை முழுக்க அவன் குரல்: "அந்தம்மா தகடு, மெக்கானிக்குன்னு என்னமோ இழுக்குது. அண்ணிகிட்ட சொன்னா எழுதிக் குடுன்னு உயிரை எடுக்கும். நாம ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம். நீ பெட்டிய கட்டு."

எதிரே உட்கார்ந்திருந்த கொழுந்தன் அதை நிறுத்த எழுந்தான்.

"இவரை வேலையை விட்டு அனுப்பிடலாமா?" என்றார் கம்பெனி அம்மா.

"வேணாம் மேடம். வெளிய போனா மறந்துடுவான். என் நாற்காலியில உக்காரட்டும்."

இப்போது அண்ணிதான் சூப்பர்வைசர். கம்பெனி சொல்கிற ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் வந்து, எல்லார் கையெழுத்தும் வாங்கிய பிறகே நடைமுறைக்கு வரும். ஜன்னலில்லாத அறையில் கொழுந்தனுக்குத் தினமும் காலையில் முதல் பேச்சு அந்தப் பெரியவருடையது. அலறல் முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் அடுத்தது.

ஒரு மாதம் தாங்கினான். பிறகு அண்ணியின் அறை வாசலில் வந்து நின்றான். "இன்னும் எத்தனை நாள் அண்ணி?"

அண்ணி தலையைத் தூக்கவில்லை.

"எழுதிக் குடு தம்பி. படிச்சுட்டுச் சொல்றேன்."