மாமாவின் குரல் இருந்த கேசட்

தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போன என் மாமனார், மகளுக்காக ஒரு கேசட்டில் பேசி அனுப்பியிருந்தார். இரண்டே மாதத்தில் இறந்துபோனார். என் பழைய காரில் இருந்த பிளேயரில்தான் என் மனைவி சரோஜா அந்தக் குரலைக் கேட்பாள்.

ஒருநாள் மலை ஊரான கம்போங் ராஜாவிலிருந்து பனிமூட்டத்தில் திரும்பும்போது மாமாவின் பேச்சு இழுத்து இழுத்து வந்தது.

“கேசட்டுல ஈரம் ஏறிடுச்சு லா” என்றேன்.

“வேற கேசட்டப் போட்டுப் பாருங்களேன்” என்றாள் சரோஜா.

நான் கேட்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில், இலை காயவைக்கும் டிரையரில் எனக்கு வேலை. மழைக்காலத்தில் நனைந்த சட்டை, காலில் மாட்டும் சப்பாத்து எல்லாம் அதன் மேல்தான் காயும். கேசட்டையும் அங்கேயே வைத்தேன். வேலை முடிந்து எடுத்தபோது அப்பளம்போல் நெளிந்து, உள்ளே நாடா சுருண்டு ஒட்டிக் கிடந்தது.

வேறு கேசட்டைப் போட்டேன், அதுவும் இழுத்தது. அப்புறம்தான் பிளேயரை டவுனுக்குக் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்த ரேடியோ கடைக்காரர், “உள்ள பெல்ட்டு தளர்ந்து போச்சு, அவ்வளவுதான் லா” என்றார். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.

சரோஜா இப்போது காரில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருகிறாள்.

பாட்டு இழுத்தால் நான் இப்போதெல்லாம் முதலில் வேறு கேசட்டைப் போட்டுப் பார்க்கிறேன். வீட்டில் வேறு கேசட்டுகள் நிறைய இருக்கின்றன. எதிலும் மாமா பேசவில்லை.