அமுதாவின் கன்னக்குழி எந்தப் பக்கம்

எங்கள் வீட்டு பிரிட்ஜில் வெண்ணெய்க்கென்று இருக்கும் தட்டில் வெண்ணெய் இல்லை. பிலிம் ரோல்கள் இருக்கின்றன. அதற்குக் கீழே இட்லி மாவு, அதற்கும் கீழே கறிவேப்பிலை. என் வீட்டுக்காரர் காலையில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெண்ணெய் தேடும்போதெல்லாம், "இது இன்னா வூடா, ஸ்டூடியோவா?" என்பார். பிலிம் சூட்டில் கெட்டுப்போகும், அதனால் குளிரில்தான் வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் கொலேத். பிரான்சின் இந்த லுவார் ஆற்றங்கரை ஊரில் முதல்முறையாக அவள் வீட்டுக்குப் போனபோது பாலை எடுக்க பிரிட்ஜைத் திறந்தாள். பாலாடைக் கட்டிகளுக்கு நடுவில் பிலிம் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தாள். நம் ஊரில் யார் வீட்டிலாவது இப்படிப் பார்த்திருந்தால் அந்த வீட்டில் கை நனைக்க யோசித்திருப்பேன்.

பாகூரில் பிறந்து, வில்லியனூரில் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், வீட்டில் வாழ்க்கைப்பட்டு, மாமனாரின் குடியுரிமையில் ஒட்டிக்கொண்டு இங்கே வந்தவள் நான். பள்ளிக்கூடத்து கேன்டீனில் பிள்ளைகளுக்குத் தட்டு வைக்கிற வேலை. தெருவில் பழைய சாமான் விற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கேமரா வாங்கினேன். அது என்னை மேரி என்கிற நகராட்சிக் கட்டிடத்துப் பின்கூடத்தில் வியாழக்கிழமைகளில் கூடும் படக் கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோருக்கும் ஸ்லைடு பிலிம் பைத்தியம். தியாப்போ என்பார்கள். நெகட்டிவ் எடுத்து அப்புறம் பிரிண்ட் போடுகிற சோலி இதில் இல்லை. எடுத்த படமே வண்ணத்தோடு பிலிமில் இருக்கும். அதைத் தீப்பெட்டி அளவுச் சட்டத்தில் மாட்டி, விளக்குப் பெட்டியில் செருகி, திரையில் பெரிதாகக் காட்டுவார்கள். அடுத்தவர் சுற்றுலா போன படங்களை இருட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கும் இந்தப் பொறுமை எனக்கு வரப் பல வருஷம் ஆயிற்று.

கொலேத் அந்தக் கழகத்தில் மூத்தவள், பூகோள ஆசிரியையாக இருந்தவள். தென்னிந்தியா போகிறேன் என்றாள். என் தங்கை அமுதா பாகூரில் இருக்கிறாள், போய்ப் பாருங்கள் என்று நம்பரைக் கொடுத்தேன். வெறும் மரியாதைக்குச் சொன்னதுதான். நாம் 'வீட்டுக்கு வாங்க' என்று சொல்வதை இவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்பது இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு உறைக்கவில்லை. கொலேத் போனாள். ஒரு பகல் அல்ல, ஒரு வாரம் முழுக்க என் தங்கை வீட்டில் தங்கினாள்.

அமுதா போனில் அவளைப் பற்றித்தான் பேசினாள். "யக்கா, கொலேத்தம்மா கையாலயே பெசஞ்சி சாப்புடுது. எனக்கு வெங்காயம் உரிச்சிக் குடுக்குது. போட்டோ எடுக்கறதே தெரியாதுக்கா, பேசிக்கினே இருக்கும், பாத்தா எடுத்துட்டிருக்கும்."

"அவளுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு பிரெஞ்சு தெரியாது. இன்னாத்தடி பேசினீங்க?"

"அதெல்லாம் புரிஞ்சிக்கினோம்" என்று சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. என்னோடு பேசும்போது அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று!

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொலேத் பாகூரைத் திரையில் போட்டாள். ஏரி தளும்பிக்கொண்டு நின்றது. கரைக்குக் கீழே நாற்றின் பச்சை. அது நான் பார்த்து வளர்ந்த பச்சை, ஆனால் நான் எடுக்காத பச்சை. கடைசியில் அமுதா வந்தாள். ஏரிக்கரையில், காற்றில் முடி பறக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. கூடத்தில் எல்லோரும் ஒரே குரலில் 'ஓ' என்றார்கள். என் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி, ஊர் நினைவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொறாமை என்பதற்கு பிரெஞ்சில் வார்த்தை எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது. அமுதாவின் முந்தானை வலது தோளில் கிடந்தது. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் முந்தானையை வலது தோளில் போடுவாள்? "அ லான்வேர்!" என்று கத்திவிட்டேன். படம் திருப்பிப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். கொலேத் விளக்கைப் போட்டுச் சட்டத்தை எடுத்துப் பார்த்தாள். ஸ்லைடைச் செருகும்போது கட்டைவிரல் படும் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது கழகத்து வழக்கம். புள்ளியைப் பார்த்துச் செருகினால் இடம் வலம் மாறாது. அவள் அந்தப் புள்ளியைத் தப்பான பக்கத்தில் வைத்திருந்தாள். "நீ சொல்லாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நன்றி சொன்னாள். அன்று இரவு முழுக்க அந்த ஒரு வெற்றியை வாயில் மிட்டாய் மாதிரி வைத்திருந்தேன்.

மறுநாள் டிக்கெட் போட்டேன். "ஆறு வருஷமா கூப்புட்டு வராதவ, இப்ப இன்னா திடீர்னு?" என்றார் வீட்டுக்காரர். தைக்குப் போகணும் என்றேன். உண்மையில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அமுதா அதே கரையில் சிரிக்க வேண்டும், நான் எடுக்க வேண்டும், அது கொலேத்தின் படத்தைத் தூக்கிச் சாப்பிட வேண்டும்.

என்ன பிலிம் என்பதில் கொலேத்திடமே யோசனை கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "ஸ்டாண்டு இல்லாமல் கையில் பிடித்தே எடுக்கப்போகிறாய். நூறு வேகம் எடுத்துக்கொள்" என்றாள். வேகம் கூடின பிலிமுக்குக் கொஞ்சம் வெளிச்சம் போதும், படம் எடுக்கும் நேரம் குறையும், கை நடுங்கினாலும் தெரியாது. நானூறு நல்லதுதான், ஆனால் ஸ்லைடில் இப்போது அதைக் கண்ணால் காண்பதே அரிது. ஐம்பது வேகத்துக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், ஆனால் வண்ணம் அள்ளும், பச்சை இன்னும் பச்சையாக விழும். கொலேத் நூறில் எடுத்தவள். நான் ஐம்பதை வாங்கி வெண்ணெய்த் தட்டில் அடுக்கினேன்.

சென்னை விமானநிலையத்தில், எக்ஸ்ரேயில் போடாதீர்கள், கையால் பாருங்கள் என்று டப்பாவை நீட்டினேன். "இன்னா மேடம், மாத்திரையா?" என்றார் அங்கே நின்றவர். பிலிம் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பாகூரில் பச்சை இல்லை. கதிர் முற்றி வயலெல்லாம் மஞ்சள். "தையில வந்து பச்ச எங்கன்னு கேக்கறியே, நீ வெவசாயி வூட்டுப் பொண்ணுதானா?" என்றாள் அமுதா. நான் பிலிமைத்தான் யோசித்தேன், மாதத்தை யோசிக்கவில்லை.

பகலில் வெயில் காய்ந்தது. ஸ்லைடு பிலிம் கறாரானது, வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அப்புறம் சரிக்கட்ட வழியில்லை. வெள்ளைச் சட்டைக்கு அளந்தால் முகம் கருத்துப்போகும், முகத்துக்கு அளந்தால் சட்டை வெளுத்துத் தீயும். அதனால் காலையிலும் அந்தியிலும்தான் எடுப்பது என்று இருந்தேன். அந்த நேரத்து வெளிச்சம் ஐம்பதுக்குப் போதவில்லை. அமுதாவோ கேமராவைக் கண்டாலே ரேஷன் கார்டுக்குப் படம் எடுப்பதுபோல விறைத்து நின்றாள்.

"சிரிடீ."

"சும்மா இருக்கறப்ப எப்படிக்கா சிரிப்பாங்க? கொலேத்தம்மா சிரின்னே சொல்லாது."

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலும் கொலேத். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வந்தது. கேமராவைப் பைக்குள் திணித்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஏரிக்கரைக்கு நடந்தோம். அமுதா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டே வந்தாள். சூரியன் இறங்கிவிட்டது, தண்ணீரில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம். கேமராவின் வெளிச்ச முள் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. நடுக்கத்தை அடக்க ஒரு பனைமரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவில் இடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யக்கா, மரத்துல ஒட்டுன பல்லி மாதிரியே இருக்கற!" என்று அமுதா வெடித்துச் சிரித்தாள். முள்ளைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன். அந்த ரோலில் அதுதான் கடைசிப் படம்.

பிலிம் கழுவி வந்தது. நானே வெட்டிச் சட்டத்தில் மாட்டினேன். சிவப்புப் புள்ளி வைக்கவில்லை. என் ஊர், என் தங்கை, எனக்கு எதற்குப் புள்ளி? வியாழக்கிழமை திரையில் போட்டேன். முக்கால்வாசிப் படம் கை ஆடிக் கலங்கியிருந்தது. கூடத்தில் மரியாதையான இருமல்கள். கடைசியாக அமுதா வந்தாள். துண்டு காற்றில் கலங்கியிருந்தது, முகம் மட்டும் தெளிவு. பின்னால் ஏரி செக்கச்செவேல் என்று நின்றது. ஐம்பதின் சிவப்பு! நூறில் அது விழுந்திருக்காது. இருமல்கள் நின்றன. நான் கொலேத்தைத்தான் பார்த்தேன். அவள் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு அழகு" என்றாள். பிறகு தயங்கி, "தப்பாக நினைக்காதே, அமுதாவுக்குச் சிரித்தால் குழி விழுவது இடது கன்னத்தில் அல்லவா?" என்றாள்.

திரையில் குழி வலது கன்னத்தில் இருந்தது. இல்லை, வலதுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தெரியவில்லை. கூடப் பிறந்தவள், ஒரே பாயில் படுத்தவள், அந்தக் குழியில் விரலை வைத்து அழுத்தி அவளை அழ வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம்? நைட்டியில் முந்தானையும் இல்லை, சொல்வதற்கு. விளக்கைப் போட்டு, சட்டத்தை உருவி, பிலிமைச் சாய்த்துப் பார்த்தேன். பிலிமின் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கம் திரையைப் பார்க்க வேண்டும். நான் செருகியதில் அது பெட்டியின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொலேத் சொன்னதுதான் சரி. நான் அன்றைக்கு முந்தானையைப் பார்த்தேன். அவள் அந்த ஒரு வாரமும் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

திருப்பிச் செருகினேன். குழி இடம் மாறியது. எல்லோரும் கை தட்டினார்கள். கொலேத்தான் பலமாகத் தட்டினாள். அவள் நல்லவள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பிய்த்து, சட்டத்தின் மூலையில் ஒட்டினேன். இப்போது பொட்டைப் பார்த்தால் தெரியும். ஆனாலும் சில காலைகளில் அந்த ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பொட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, ஒரு தரம் இப்படியும் ஒரு தரம் அப்படியும் திருப்பிப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் எனக்கு என் தங்கையாகவே தெரிகிறாள். கொலேத்துக்கு அப்படித் தெரியாது.