முதலாளி மூச்சு விட்ட வேட்டி

குவைத்தில் சில கார்களுக்கு இரண்டு மூக்கு. சத்தியமாகச் சொல்கிறேன். ஒன்று எஞ்சினுக்கு, அது நம் ஊர் வண்டிகளுக்கும் உண்டு. இன்னொன்று உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு! முன்கண்ணாடிக்கு அடியில் நுழைகிற காற்று, சிலேட்டு அளவுள்ள ஒரு பில்டரில் தூசியையெல்லாம் விட்டுவிட்டுச் சுத்தமாக உள்ளே போகிறது. பிறகு குளிரூட்டி அதைச் சில்லென்று ஆக்கி முதலாளியின் முகத்தில் வீசுகிறது. இந்த இரண்டாவது மூக்கு ஆருக்கு என்று நான் தெரிந்துகொள்வதற்குள் என்னைப் பம்பாய்க் கப்பலில் திருப்பி ஏற்றிவிடப் பார்த்தார்கள்.

புதுக்கோட்டையில் ஒரு பஸ் ஷெட்டில் இரண்டு வருஷம் பிட்டராக இருந்தவன் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவன் கையில் ஸ்பேனரா என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். எனக்கோ கிளார்க் நாற்காலியை நினைத்தாலே கால் அரிக்கும். கந்தர்வக்கோட்டை பஸ் சாயங்காலம் ஷெட்டுக்குள் நுழையும்போது அதற்கு என்ன பெயிண்ட் அடித்திருந்தார்கள் என்பது கம்பெனிக்காரர்களுக்கே மறந்துபோயிருக்கும். இறங்குகிற சனமும் ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்ற பேதமில்லாமல் ஒரே செம்மண் நிறம். வண்டி நின்றதும் என் முதல் வேலை எஞ்சினின் ஏர் கிளீனரைக் கழற்றுவது. கம்பிவலையை மண்ணெண்ணெயில் அலசி, எண்ணெயில் முக்கி, ஆணியில் சொட்டவிட்டு மாட்டவேண்டும். ஒருநாள் முந்திரிக்கொட்டைக் கூடையோடு இறங்கிய ஓர் அம்மாள் இதைப் பார்த்துவிட்டுக் கண்டக்டரிடம், "ஏங்க, எஞ்சினுக்கு மட்டும் வடிகட்டி வச்சிருக்கீங்க, எங்களுக்கு ஒண்ணு வைக்கக் கூடாதா?" என்று கேட்டாள். கண்டக்டர் யோசிக்கவே இல்லை. "எஞ்சின் தூசி தின்னா வண்டி நின்னுரும் ஆத்தா. நீங்க தின்னா இருமுவீங்க. வண்டி ஓடும்ல!" அந்த அம்மாளே சிரித்துவிட்டாள். எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஞானத்தோடுதான் இங்கே குவைத்தில் ஒரு முதலாளியின் கார் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன். மூன்று மாதம் சோதனை வேலை. என் பாஸ்போர்ட் போர்மன் அபு நாஜியின் மேஜை டிராயரில். அவர் ஈராக்காரர், கோபம் வந்தால் அரபி, ரொம்பக் கோபம் வந்தால் இங்கிலீஷ். முதலாளியின் அமெரிக்கக் காரைத் துடைக்கும்போது அந்தப் பில்டர் என் கண்ணில் பட்டது. தூசி அப்பிக் கிடந்தது. அடடா, இதை ஒருவரும் கவனிக்கவில்லையே, கெட்டிக்காரன் என்று பெயர் வாங்க இதைவிட நல்ல சமயம் ஏது! ஆரும் சொல்லாமலே மண்ணெண்ணெயில் அலசினேன். எண்ணெயில் முக்கினேன். ஆணியில் சொட்டவிட்டு, மாட்டினேன்.

மறுநாள் காலை முதலாளி வெள்ளை வெளேரென்ற அங்கியில் காரில் ஏறினார். நூறு கஜம் போனதும் இறங்கினார். அங்கியெல்லாம் பொட்டுப் பொட்டாக எண்ணெய். தாடியிலிருந்து மண்ணெண்ணெய் வாசம். அபு நாஜி இங்கிலீஷுக்கு வந்துவிட்டார். "நோ வாஷ்! சேஞ்ச்! ஒன்லி சேஞ்ச்!" பிறகு முதலாளி கேட்டதைச் சொன்னார்: "உன் ஊரில் மனிதர்கள் மண்ணெண்ணெயிலா ஓடுகிறார்கள்?" நான் கந்தர்வக்கோட்டை ரோட்டையும் செம்மண்ணையும் கண்டக்டர் சொன்ன நியாயத்தையும் பத்து நிமிஷம் விளக்கினேன். அபு நாஜி அதை முதலாளிக்கு அரபியில் மூன்று வார்த்தையில் முடித்தார். முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் வந்தது ஒரு கிளாஸ் பால்! எனக்கு மார்ச்சளி என்று அவருக்கு அர்த்தமாகியிருக்கிறது. கொண்டுவந்த சமையல்காரர் காதர் அண்ணன் கோட்டைப்பட்டினத்துக்காரர். "பதினோரு வருஷமா ஒழுங்கா ஆக்கிப் போடுறேன், ஒரு வாய்ப் பால் கெடையாது. நீ அங்கியில எண்ணெய் தெளிச்சே, ஒனக்குப் பாலா!" என்று வயிறெரிந்தார்.

புதுப் பில்டர் பெய்ரூட்டிலிருந்து வர இரண்டு வாரமாகும். முதலாளியோ வெள்ளிக்கிழமை பாஸ்ராவில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும். வழியெல்லாம் தூசிக்காற்று. "அங்கியில் இன்னொரு பொட்டு விழுந்தால் டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுவேன்" என்றார் அபு நாஜி. ஆக, இரண்டு நாளில் பில்டர் செய்தாக வேண்டும். காதர் அண்ணனைக் காருக்குள் உட்காரவைத்து, வெளியே நின்று காற்றுவழியில் கைகையாய் மண் தூவினேன். முதலில் பில்டருக்குப் பதில் துண்டை மடித்து வைத்தேன். காற்றே வரவில்லை, அண்ணனுக்கு வேர்த்து ஊற்றியது. கொசுவலையை வைத்தேன், அண்ணன் கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் வந்தவர்போல் இறங்கினார். "ஒன் வேலைக்கு என் மூஞ்சியாப்பா கெடைச்சுச்சு?" கடைசியில் ஊரிலிருந்து கட்டிவந்த ஒரே நல்ல வேட்டியை எடுத்தேன். கொஞ்சம் யோசித்தேன். நடுவில் சிலேட்டளவுக்கு வெட்டிப் பழைய பில்டரின் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன். குளிர்ந்த காற்று வந்தது, தூசி வரவில்லை. அண்ணன் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். இறக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி திரும்பி வந்தார். அபு நாஜி அவருடைய காலர், முதுகு, கை மடிப்பு எல்லாம் சுற்றிவந்து பார்த்தார். ஒரு பொட்டு இல்லை. நேரே போய் டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். முதலாளி தன் தம்பியின் காருக்கும் அதேபோல் செய்யச் சொன்னார். என்னிடம் வேறு வேட்டி இல்லை. காதர் அண்ணனின் கட்டம்போட்ட கைலி போயிற்று. அதைப் பற்றி அவர் சொன்னதை எழுத முடியாது.

பெய்ரூட் பில்டர் வந்ததும் மாட்டிவிட்டு, என் வேட்டித்துண்டை எடுத்துத் துவைத்து, வெட்டின இடத்திலேயே தைத்தேன். குவைத் தூசி போகவில்லை. பின்பக்கம் சாம்பல்மஞ்சளில் ஒரு சதுரம். கப்பலுக்குப் புறப்பட்ட அன்று கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் வேட்டியின் முன்கரையில் ஏறிய செம்மண்ணும் போகவில்லை. பொங்கலன்று அதைத்தான் கட்டிக்கொண்டு அண்ணன் அறைக்குப் போனேன்.

"தம்பி, அங்கிட்டுத் திரும்பாத, குவைத்து தெரியுது."

இங்கிட்டுத் திரும்பினேன்.

"இப்பக் கந்தர்வக்கோட்டை தெரியுது."

"அப்ப எப்படித்தாண்ணே நிக்கிறது?"

"நிக்காத. உக்காந்துக்க."

உட்கார்ந்துகொண்டேன். பால் கொண்டுவந்து கொடுத்தார்.